ஆணியில் தொங்கிய நான்காம் எண் பூட்டு

"இது என் நேரம்! செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி, பதினெட்டு வருஷமா என் நேரம்!"

"நேரம் இருந்துச்சு. நீங்கதான் இல்ல."

"யாரு இல்ல? நானா? இந்த வியோலா லுன்ட்மார்க்கா?"

"சத்தம் போடாதீங்க. சுவத்தப் பாருங்க."

நிலவறைச் சலவையறையின் நடுவில் நின்றுகொண்டு வியோலா சுவரைப் பார்க்கவில்லை. இரண்டு துணி துவைக்கும் இயந்திரங்களையும்தான் பார்த்தாள். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் நீல நிற ஆலை உடுப்புகள் உருண்டுகொண்டிருந்தன. நுரை வெள்ளையாக இல்லை, அடுப்புக்கரி கரைத்த மாதிரி இருந்தது. அவளுடைய வெள்ளைப் படுக்கைவிரிப்புகள் புரள வேண்டிய வயிற்றில் இந்தக் கரி.

பெஞ்சில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தவன் ரெய்னோ. மூன்றாம் மாடிக்கு ஜனவரியில்தான் குடிவந்தான். பின்லாந்துக்காரன், தனியாள், பக்கத்து ஊர் எஃகு ஆலையில் இரவு வேலை. இவ்வளவுதான் கட்டிடத்துக்குத் தெரிந்திருந்தது, இது போதவில்லை என்ற குறையும் கட்டிடத்துக்கு இருந்தது.

வியோலாவுக்குப் பின்னால் அவள் கணவன் ஹில்டிங், இரண்டு கூடைகளையும் மூன்று மூட்டைகளையும் சுமந்தபடி, எதையும் கீழே வைக்கலாமா என்று தெரியாமல் நின்றான். கதவிடுக்கில் கீழ்த்தள டாக்னி, இரவுச் சட்டைக்கு மேல் கோட்டு, கையில் குட்டை நாய். நாயை வெளியே கூட்டிப்போகக் கிளம்பினாளாம். நாய்க்கு அவசரம் இருந்தது, டாக்னிக்கு இல்லை.

"சுவத்தப் பாருங்கன்னு சொன்னேன்," என்றான் ரெய்னோ மறுபடியும், கோபமே இல்லாமல்.

வியோலா பார்த்தாள். சுவர்க் கடிகாரம் எட்டாக ஐந்து நிமிடம் காட்டியது.

அதன் கீழே கண்ணாடிச் சட்டத்துக்குள் சலவையறை விதிகள், வியோலாவின் சொந்தக் கையெழுத்தில். இரண்டாவது விதி: குறித்த நேரத்திலிருந்து அரைமணிக்குள் துவைக்கத் தொடங்காதவருக்கு அந்த நேரம் போய்விடும், யாரும் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது விதி: சலவையறையில் சுவர்க் கடிகாரம் காட்டுவதே நேரம், கைக்கடிகாரம் செல்லாது. அந்த மூன்றாவது விதி டாக்னிக்காகவே எழுதப்பட்டது. ஒருமுறை தாமதமாக வந்துவிட்டு, தன் கைக்கடிகாரத்தை வியோலாவின் மூக்குக்கு நேராக ஆட்டியவள் அவள்.

"ஏழரைக்கு அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்தேன்," என்றான் ரெய்னோ. "ஆள் இல்ல, துணி இல்ல. உங்க விதியை ரெண்டு தடவை படிச்சேன். உங்க பாஷை எனக்கு மெதுவாத்தான் ஏறும். அதுக்கப்புறம்தான் போட்டேன்."

"வியோலா தாமதமா!" என்றாள் டாக்னி. யாரோ மந்திரி பதவி விலகிய செய்தி கேட்ட குரல். "உலகம் எங்க போகுதோ தெரியல."

ஹில்டிங் மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டு, இடதுகைச் சட்டையை மெல்ல மேலே தள்ளிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பார்த்தவன் வாயைத் திறந்தான். அந்தக் கணத்தில் வியோலாவின் மரச்செருப்பு அவன் கால் கட்டைவிரலின் மேல் வந்து உட்கார்ந்தது. முப்பது வருட இல்வாழ்க்கை, வாய் மூடிக்கொண்டது.

ஏனென்றால் வியோலாவுக்கும் தெரியும். மணி ஏழுகூட ஆகவில்லை. சமையலறை வானொலியில் ஆறரைச் செய்தி கேட்டுவிட்டுத்தான் கூடைகளை எடுத்தாள். வழக்கம்போல ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்திருக்கிறாள். தப்பு கடிகாரத்தில்தான்.

அப்படியானால் அதைச் சொல்லிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல்.

அந்த வருடம்தான் நாட்டில் முதன்முதலாகக் கோடைநேரம் வந்தது. ஈஸ்டர் ஞாயிறு விடியலில் எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும் என்று மார்ச் முழுக்க வானொலி சொன்னது, செய்தித்தாள் சொன்னது, கட்டிடச் சங்கத்தின் செயலாளர் மார்கித் தட்டச்சு செய்த அறிவிப்பும் மாடிப்படியில் ஒட்டப்பட்டது. ஞாயிறும் திங்களும் சலவையறைக்கு விடுமுறை. அதனால் சனிக்கிழமை மாலையே வியோலா கீழே இறங்கி, முக்காலி போட்டு ஏறி, கடிகாரத்தைத் தள்ளிவைத்தாள். மாடியில் அடுப்பில் முட்டை கொதித்துக்கொண்டிருந்தது, ஹுடிக்ஸ்வால் ஊரிலிருந்து தங்கை குடும்பம் வந்து இறங்கிவிட்டது, முழங்கால் வேறு வலி. அவசரத்தில் முள்ளை ஒரு சுற்று சுற்றினாளா, இரண்டு சுற்றா? இப்போது எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

அந்தக் கடிகாரத்தைத் தொடும் கை கட்டிடத்தில் ஒன்றே ஒன்றுதான், அது வியோலாவின் கை. சலவையறைப் பொறுப்பாளர் அவள்தான். கடிகாரம் தப்பு என்று சொன்னால் அவள் கை தப்பு.

இன்னொன்றும் இருந்தது. பூட்டுப்பலகைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. பலகையில் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் நேரத்துக்கும் ஒரு துளை. ஒவ்வொரு வீட்டுக்கும் எண் பொறித்த சின்னப் பூட்டு ஒன்று. வேண்டிய நேரத்தில் பூட்டை மாட்டினால் அந்த நேரம் உங்களுடையது. நேரத்தைத் தவறவிட்டவரின் பூட்டு ஒரு வாரம் அந்த ஆணியில் தொங்கும், அந்த வாரம் அவர் அதை எந்த நேரத்துக்கும் மாட்ட முடியாது. ஐந்தாவது விதி. பதினெட்டு வருடத்தில் பதினோரு பூட்டுகளை வியோலா அதில் மாட்டியிருக்கிறாள், டாக்னியுடையதை இரண்டு முறை. கடிகாரம் ஒருநாள் தப்பென்றால், அந்தப் பதினோரு நாளும் அது சரியாகத்தான் இருந்ததா என்று இதே டாக்னி படிக்குப் படி நின்று கேட்பாள். தாமதம் என்றால் ஒருநாள் தாமதம். கடிகாரம் தப்பென்றால் பதினெட்டு வருடமும் தப்பு. வியாழக்கிழமை சங்கத்தின் ஆண்டுக்கூட்டம், பொறுப்பாளரைத் தேர்ந்தெடுப்பதும் அன்றுதான்.

வியோலா கோட்டைக் கழற்றி மாட்டினாள். பலகைக்குப் போய், செவ்வாய் ஏழு மணித் துளையிலிருந்து தன் நான்காம் எண் பூட்டைத் தானே எடுத்தாள். தானே ஆணியில் மாட்டினாள்.

"வேற யார் கையும் பட வேண்டாம்," என்றாள்.

டாக்னி கழுத்தை நீட்டி ஆணியிலிருந்த எண்ணைப் படித்தாள்.

ரெய்னோ எழுந்து நின்றான். இது அவன் எதிர்பாராதது போலும். "எனக்கு ஒரே சுத்துதான். எட்டே முக்காலுக்கு எடுத்திருவேன். பதினொண்ணு வரைக்கும் மிஷின் சும்மா கிடக்கும். வேணும்னா நீங்க போட்டுக்கங்க."

"தானம் பண்றீங்களாக்கும்?"

"தானம் இல்ல. சும்மா கிடக்கிறதச் சொன்னேன்."

"ரெண்டேகால் மணி நேரத்துல வியோலாவோட துணியா?" டாக்னிக்குச் சிரிப்பு வந்தது. "ஈஸ்டருக்கு ஒன்பது பேர் தங்கின வீடு. நாலு மணி நேரத்துல முடிக்கிறதே அவ சொல்லிச் சொல்லி மாயற சாதனை."

உண்மைதான். வியோலாவின் செவ்வாய்க்கிழமை என்பது இந்தத் தெருவுக்கே தெரிந்த விஷயம், ஏனென்றால் வியோலாவே தெரியப்படுத்தியிருந்தாள். கணவன், பனி ஹாக்கி விளையாடும் மூன்று தடிப்பயல்கள், அவள். ஒரு வார அழுக்கு ஏழு மணிக்கு உள்ளே போனால் பதினொன்றுக்குத் துவைத்து, உலர்த்தி, சுருக்கம் போகச் சூட்டு உருளையில் அழுத்தி, மடித்துக் கூடைக்கு வந்துவிடும். பதினொன்றேகாலுக்கு அவள் காப்பி குடிப்பாள், ஏலக்காய் பன்னுடன். ரகசியம் திங்கள் இரவில் இருந்தது. பழைய திரைச்சீலையில் தைத்த ஐந்து பைகள், ஐந்து நிற நாடா, வீட்டில் அழுக்குத் துணியை யார் கழற்றினாலும் சரியான பையில்தான் போட வேண்டும். காலுறைகளைக் கழற்றும்போதே ஜோடியாக ஊக்கு குத்திவிட வேண்டும், குத்தாத பயலுக்கு ஒற்றைக் காலுறைதான். கறையெல்லாம் முதல் நாளே சோப்புத் தேய்த்து ஊறிவிடும். உலர்த்தும்போது சட்டைகள் ஆள்வாரியாகத் தொங்கும், எடுக்கும்போது தேடவே வேண்டாம். கூடையில் மேலே இருப்பது வீட்டில் கடைசி அலமாரிக்கு இல்லை, முதல் அலமாரிக்கு. இதையெல்லாம் தங்கைக்குச் சொன்னாள், தங்கை கேட்டுக்கொண்டே மேசைவிரிப்பில் பீட்ரூட்டைக் கவிழ்த்தாள். அந்த மேசைவிரிப்பும் இப்போது மூட்டையில்தான் இருந்தது.

"முடியும்," என்றாள் வியோலா.

"ஆறு சுமை துணி வியோலா," என்று முணுமுணுத்தான் ஹில்டிங்.

"எண்ணத் தெரியும் எனக்கு. நீ வேலைக்குக் கிளம்பு."

படிக்கட்டு வரை அவனோடு போனாள். அங்கே அவன் குரலைத் தாழ்த்தினான். "வியோலா, மணி ஏழுதான் ஆகுது."

"தெரியும்."

"அப்புறம் ஏன்?"

"சனிக்கிழமை கடிகாரத்த யார் தள்ளி வச்சா?"

"நீதான்."

"அப்ப வாய மூடிக்கிட்டுப் பஸ் பிடி."

திரும்பி வந்தவள் மூலையில் இருந்த பழைய வேகவைக்கும் தொட்டியின் மூடியைத் திறந்தாள். இயந்திரங்கள் வருவதற்கு முன்பு எல்லாரும் வெள்ளைத் துணியை வேகவைத்த தொட்டி அது. இப்போது டாக்னி அதன்மேல் கூடை வைப்பதோடு சரி.

"அதுவும் என் நேரத்துலதான் இருக்கு," என்றான் ரெய்னோ.

"பலகைல இயந்திரத்துக்குத்தான் பூட்டு. தொட்டிக்கு இல்ல. விதிய நீங்கதான் ரெண்டு தடவை படிச்சீங்களே."

ரெய்னோ வாய்விட்டுச் சிரித்தான். எழுந்து வந்து, கேட்காமலே தண்ணீர்க் குழாயைத் திருகிவிட்டான். "கப்பல்ல இதே மாதிரிதான். எட்டு வருஷம் சலவைக்காரனா இருந்தேன். சரக்குக் கப்பல், முப்பத்திநாலு பேர் துணி. புயல் அடிச்சா தொட்டியே நம்மளத் துவைக்கும்."

வியோலா சோப்புத்தூளை அளந்தாள். அளக்கும் கை ஒரு நொடி நின்றது. சலவைக்காரன்! கட்டிடத்துக்கு இது தெரியாது. டாக்னி அதைக் காதில் வாங்கிக்கொண்டு, நாயின் அவசரம் முற்றிப்போனதால் வேறு வழியில்லாமல் வெளியே ஓடினாள். பத்து நிமிடத்தில் திரும்பிவந்து பெஞ்சில் இடம்பிடித்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை டாக்னி இப்போதும் சொல்கிறாள், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள். கூட்டாமலே போதுமானது. இயந்திரங்கள் ரெய்னோவின் கரியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே தொட்டியில் எட்டுப் படுக்கைவிரிப்பும் மூன்று மேசைவிரிப்பும் கொதித்தன. மரத்துடுப்பால் வியோலா அவற்றைக் கிண்டினாள், நெற்றியில் மயிர் ஒட்டிக்கொள்ள. எட்டே முக்காலுக்கு ரெய்னோ சொன்ன சொல் தவறாமல் தன் உடுப்பை எடுத்தான். எடுத்ததோடு விடவில்லை. இயந்திரத்தின் சோப்புப்பெட்டியைக் கழற்றி அலம்பினான், கதவு ரப்பரின் மடிப்புக்குள் விரலை விட்டுத் துடைத்தான், வடிகட்டியில் சேர்ந்த பஞ்சை எடுத்தான். சொல்லாமல் இதைச் செய்யும் ஆண்பிள்ளையை அந்தக் கட்டிடம் அதுவரை பார்த்ததில்லை.

"கரி ஒட்டாது, நம்பிப் போடலாம்," என்றான்.

"நம்பறதுக்கு முன்னாடி பாத்துட்டேன்," என்றாள் வியோலா. அதுதான் அவள் அகராதியில் நன்றி.

நிறத்துணி இரண்டு சுமை உள்ளே போனது. அது சுழலும்போது தொட்டித் துணியை அலசிப் பிழிசுழலியில் போட்டாள். அங்கேதான் இடித்தது. விரிப்புகளை உருளையில் அழுத்துவதற்கு முன் இருபக்கமும் பிடித்து இழுத்து நேராக்க வேண்டும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும். யாரையும் நம்பி இருக்கக் கூடாதென்று வியோலா சுவரில் ஒரு கொக்கி அடித்து, பழைய இடுப்புப்பட்டையால் கண்ணி போட்டு, ஒரு முனையை அதில் மாட்டித் தானே மறுமுனையை இழுப்பாள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் இரட்டிப்பு நேரம் பிடிக்கும். எட்டு விரிப்பு. கடிகாரம் ஒன்பதரையைத் தாண்டியது.

ரெய்னோ தன் காப்பிக் குவளையைக் கீழே வைத்தான். "கொக்கிக்கு வயசாயிருச்சு. நான் பிடிக்கிறேன்."

"உங்கள யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் பிடிக்கிறேன்."

வியோலா கொக்கியைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், விரிப்பின் இரண்டு முனைகளை அவன் பக்கம் நீட்டினாள். இழுத்தார்கள். முதல் இழுப்பில் வியோலா ஓரடி முன்னால் போனாள், பெஞ்சிலிருந்து டாக்னி கெக்கெக்கென்று சிரித்தாள். இரண்டாவது இழுப்பில் ரெய்னோ ஓரடி முன்னால் வந்தான்.

"கப்பலக் கரையில கட்டற மாதிரி இழுக்காதீங்க. இது படுக்கைவிரிப்பு," என்றாள் வியோலா.

"நீங்க மட்டும் என்னவாம்? பல்லப் புடுங்கற மாதிரி இழுக்கிறீங்க."

"மூலைக்கு மூலை சேருங்க. இடப்பக்கம் தொங்குது."

"கப்பல்ல உலர்த்த இடம் கிடையாது. ஈரத்தோட நாலா மடிச்சு நேரா உருளைக்கு விடுவோம். உலர்த்தற வேலையே இல்ல. உருளையே பாதி ஈரத்த வாங்கிக்கும், மிச்சம் காய அலமாரித் தட்டுல கால்மணி நேரம் வச்சாப் போதும்."

வியோலா நின்றாள். பதினெட்டு வருடமாக விரிப்புகளுக்குச் சூடான காற்று வீசும் உலர்த்தும் அலமாரியில் இருபத்தைந்து நிமிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இருபத்தைந்து நிமிடம் அவள் கண்முன் வந்து நின்றது, நூற்றுக்கணக்கான செவ்வாய்க்கிழமைகளோடு.

"நாலா மடிங்க," என்றாள்.

உருளை உறுமியது. விரிப்புகள் ஒருபக்கம் ஈரமாகப் போய் மறுபக்கம் பலகைபோல வந்தன. கடைசி இரண்டு சுமையும் இயந்திரத்துக்குள் போயின, வெளியே வந்தன, சட்டைகள் ஆள்வாரியாக உலர்த்தும் அலமாரியில் ஏறின. பத்தே முக்காலுக்கு வியோலா ஊக்குக் குத்திய காலுறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். பதினொன்றாக இரண்டு நிமிடம் இருக்கையில் பீட்ரூட் கறை போன இடம் தெரியாத மேசைவிரிப்பைக் கூடையின் மேல் வைத்து, இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஆறு சுமை," என்றாள் டாக்னி. எண்ணிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். நம்பாமல் இன்னொரு முறையும் எண்ணினாள்.

வியோலா முதுகை நிமிர்த்தினாள். அந்த நிமிடம் அவளை யாராவது சிலை வடிக்க வந்திருந்தால் மறுத்திருக்க மாட்டாள். ஆணியில் தொங்கும் பூட்டு மட்டும் கண்ணில் படாத பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள்.

அடுத்த நேரம், பதினொன்று முதல் மூன்று வரை, மார்கித்துடையது. சலவையறையை அடுத்தவர் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் வியோலா தரையைக் கழுவினாள், காத்திருந்தாள். ரெய்னோ தன் உடுப்புகள் உலரக் காத்திருந்தான். டாக்னி எதற்குக் காத்திருந்தாள் என்று கேட்க வேண்டியதில்லை.

பதினொன்று அடித்தது. மார்கித் வரவில்லை. பதினொன்றேகால். வரவில்லை. மார்கித் பால்ம் நாற்பத்திமூன்று வயது, தனியாள், கணக்கு வாத்தியாரம்மா. பள்ளி விடுமுறை வாரத்திலும் மணியடித்தாற்போல் நடப்பவள்.

"மார்கித்துமா?" என்றாள் டாக்னி. அவளுக்கு அன்று தீபாவளி மாதிரி ஆகிவிட்டது. "ஒரே நாள்ல ரெண்டு பேரா? யப்பா, இந்த ஆணி தாங்குமா?"

வியோலா தரைத்துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். மார்கித் தாமதமில்லை. மார்கித் மாடியில் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னும் முக்கால் மணி இருக்கிறதென்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள். தனக்கு வந்தது தன்னோடு போகும் என்று காலையில் நினைத்திருந்தாள். இது யோசனைக்கு வரவே இல்லை.

பதினொன்றரை. டாக்னி எழுந்து பலகைக்குப் போய், ஒன்பதாம் எண் பூட்டைத் துளையிலிருந்து உருவினாள். "விதி விதிதானே வியோலா? நீ மாட்டுறியா, நான் மாட்டட்டுமா? என்னோடத மாட்டுறப்ப எவ்வளவு வேகமா மாட்டின, ஞாபகம் இருக்கா?"

பூட்டை ஆணிப்பக்கம் கொண்டுபோனாள்.

"கீழ வை," என்றாள் வியோலா.

"என்னது?"

"கீழ வைன்னேன். மார்கித் தாமதமில்ல. கடிகாரம்தான் தப்பு. இப்ப மணி பத்தரை."

ரெய்னோ குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான்.

"சனிக்கிழமை நான்தான் தள்ளி வச்சேன்," என்றாள் வியோலா. சொல்லச் சொல்ல அவள் குரல் சின்னதாகவில்லை, இன்னும் கணீரென்றானது. சின்னக் குரலில் தப்பை ஒப்புக்கொள்ள அவளுக்குத் தெரியாது. "ஒரு சுத்துக்குப் பதிலா ரெண்டு சுத்து சுத்திட்டேன் போல. காலைலயே எனக்குத் தெரியும். சொல்லல. போய் யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு, டாக்னி. நீ சொல்லாம இருக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும், அதான் உன் முன்னாடியே சொல்றேன்."

டாக்னி பூட்டை இயந்திரத்தின் மேல் வைத்த வேகத்தையும், நாயை மறந்துவிட்டுப் படியேறிய வேகத்தையும் பார்த்தால் அவளுக்கு மூட்டுவலி என்று யாரும் நம்பமாட்டார்கள்.

ரெய்னோ மெதுவாகச் சொன்னான். "அப்ப நான்தான் உங்க நேரத்த எடுத்திருக்கேன்."

"விதிப்படிதான் எடுத்தீங்க. விதி எழுதினவ நான்."

"காலைல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே துணிய."

"அந்த ஒரு வார்த்தைதான் வரல."

மாடியிலிருந்து மரச்செருப்புச் சத்தம் இறங்கிவந்தது. முன்னால் மார்கித், இடுப்பில் துணிக்கூடை, கையில் கைக்கடிகாரம், முகம் பீட்ரூட். பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு டாக்னி.

"நீங்க ரெண்டு சுத்து சுத்தினீங்கன்னு இவ சொல்றா," என்றாள் மார்கித். "நீங்க சனிக்கிழமையே தள்ளி வச்சிட்டீங்களா?"

"ஆமா."

"எனக்கு யாரும் சொல்லலயே!" மார்கித் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "பொதுக் கடிகாரத்தையெல்லாம் ஒரு மணி நேரம் முன்னால தள்ளணும்னு அறிவிப்புல நானே எழுதியிருந்தேன். செயலாளர் நான், சொன்னதச் செய்யணும் இல்லையா? ஞாயித்துக்கிழமை காலைல வந்து தள்ளி வச்சேன்."

"தள்ளறதுக்கு முன்னாடி மணி என்னன்னு பாக்கலயா?" என்றான் ரெய்னோ.

"அறிவிப்புல ஒரு மணி நேரம் தள்ளணும்னுதான் இருந்துச்சு. பாக்கணும்னு இல்ல."

"கணக்கு வாத்தியாரம்மா!" என்று கூவினாள் டாக்னி, சுவரைப் பிடித்துக்கொண்டு.

வியோலா சிரிக்கவில்லை. முக்காலியிலிருந்து மார்கித்தை எழுப்பினாள், அதைக் கடிகாரத்தின் கீழே போட்டாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மார்கித்தின் கைக்கடிகாரத்தை வாங்கிப் பார்த்து, முள்ளைத் திருப்பி, பத்து நாற்பதில் நிறுத்தினாள். ஒரு சுற்று. சனிக்கிழமையும் ஒரே ஒரு சுற்றுதான் சுற்றியிருக்கிறாள். அவள் கை தப்புச் செய்யவில்லை. காலும் தாமதிக்கவில்லை. இறங்கிவந்து ஆணியிலிருந்து நான்காம் எண் பூட்டை எடுத்து, ஏப்ரனில் துடைத்து, அடுத்த செவ்வாய் ஏழு மணித் துளையில் மாட்டினாள். சொடக்கென்று ஒரு சத்தம். அவ்வளவு இனிமையான சத்தம் அந்த நிலவறையில் கேட்டதில்லை.

"இப்ப மணி பத்து நாப்பது," என்றாள் எல்லாரையும் பார்த்து. "ஆறு சுமை துணியும் பத்து மணிக்கே கூடைல இருந்துச்சு. வழக்கத்தவிட ஒரு மணி நேரம் முன்னாடி. டாக்னி, சொல்றதுன்னா இதையும் சேத்துச் சொல்லு."

பிறகு சட்டத்தைத் திறந்து, காகிதத்தின் அடியில் எட்டாவது விதியை எழுதினாள்: கடிகாரத்தைப் பொறுப்பாளர் தவிர வேறு யாரும் தொடக் கூடாது, தொட்டவர் பூட்டு ஒரு வாரம் ஆணியில்.

"நடந்ததுக்கு அப்புறம் எழுதின விதி, இது உனக்கு இல்ல மார்கித்," என்றாள் பெருந்தன்மையாக.

ஆனால் மார்கித்தைப் பற்றித் தெரியுமே. "தொட்டது தொட்டதுதான்," என்று தன் ஒன்பதாம் எண் பூட்டை எடுத்துத் தானே ஆணியில் மாட்டிக்கொண்டாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. கூடை நிறையத் துணியோடு படியேறப்போனவளை ரெய்னோ தடுத்தான்.

"என் பூட்டு சும்மாத்தான் இருக்கு. பதினேழாம் எண். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாட்டறேன். நீங்க துவைங்க."

"அது விதிக்கு விரோதமில்லையா?"

"ரெண்டு தடவை படிச்சேன். அப்படி எதுவும் இல்ல."

வியாழக்கிழமை கூட்டத்தில் வியோலாவையே மறுபடியும் தேர்ந்தெடுத்தார்கள், கைதூக்காதவர் யாருமில்லை. டாக்னி மட்டும், இரண்டு மணி நேரத்தில் ஆறு சுமை முடியும் என்று நிரூபணமாகிவிட்டதால் ஒவ்வொருவர் நேரத்தையும் நாலு மணியிலிருந்து இரண்டாகக் குறைக்கலாமே என்றாள். வியோலா எழுந்து, "என்னால முடியும். உங்களால முடியாது," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தீர்மானம் தோற்றது. அன்றிலிருந்து விரிப்புகளை அவள் ஈரத்தோடே நாலாக மடித்து உருளைக்கு விடுகிறாள். யாரிடம் கற்றாள் என்று கேட்டால் கப்பல் முறை என்பாள், ஏதோ தானே கப்பலில் போய்வந்த தோரணையில்.

அந்த வெள்ளிக்கிழமை, உலர்த்தும் அறைக் கயிற்றில் ஆலை உடுப்புக்குப் பக்கத்தில் மார்கித்தின் பூப்போட்ட இரவுச்சட்டை தொங்கியதை முதலில் பார்த்தது டாக்னிதான். ஒன்பதாம் எண் பூட்டு ஆணியிலிருந்து இறங்கிய பிறகும் ஒவ்வொரு வெள்ளியும் அது அங்கேயே தொங்கியது. விரிப்பு இழுக்க இரண்டு ஆள் வேண்டுமே என்று மார்கித் காரணம் சொன்னாள். இலையுதிர்காலத்தில் கடிகாரத்தைப் பின்னால் தள்ள வியோலா முக்காலி ஏறியபோது, பலகையில் ஒன்பதாம் எண் பூட்டு இல்லவே இல்லை. இருவருக்கும் பதினேழே போதுமாயிருந்தது. மறுவருடம் நடுக்கோடையில் திருமணம், ஆகஸ்டில் பின்லாந்துக்கு, ஊலுவுக்குக் குடிபோனார்கள். மேசைவிரிப்பொன்றை வியோலா பரிசாகக் கொடுத்தாள், அதில் பீட்ரூட் இருந்த இடத்தைக் கண்டுபிடி பார்க்கலாம் என்ற சவாலோடு. அங்கே அவர்களுக்குத் தனி வீடு, சொந்தத்துக்கு ஓர் இயந்திரம், பலகையும் கிடையாது பூட்டும் கிடையாது. ஆனாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் துவைக்கிறார்கள் என்று மார்கித் கடிதம் எழுதியிருந்தாள். அது வியோலாவுக்கு வந்த கடிதம். டாக்னி எப்படிப் படித்தாள் என்பது வேறு கதை.